இருபத்தொன்பது மணி நேரம்

டொராண்டோவுக்கு வந்த புதிதில் அம்மா தொலைபேசியில் கேட்டார்: "எவ்வளவு தூரம்டா அது?" நான் கிலோமீட்டரில் பதில் சொன்னேன். சென்னை விமான நிலையத்திலிருந்து டொராண்டோவின் பியர்சன் விமான நிலையம் வரை, நேர்கோடாக அளந்தால் ஏறக்குறைய 13,400 கிலோமீட்டர்.

அந்த நேர்கோடு போகும் வழி அழகானது. சென்னை கிழக்குத் தீர்க்கரேகை 80 பாகையில் இருக்கிறது, டொராண்டோ மேற்கில் கிட்டத்தட்ட அதே 80. பூமி உருண்டையில் இரண்டுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், நூல் மேற்கே போகாமல் வடக்கே ஏறும். மத்திய ஆசியா, யூரல் மலை, ஆர்க்டிக் கடல், கிரீன்லாந்து என்று சுற்றி மேலிருந்து இறங்கும். ஆனால் அப்படி நேராகப் பறக்க விமானம் இல்லை. துபாய் வழியாகவோ ஃபிராங்க்ஃபர்ட் வழியாகவோ மாறித்தான் போக வேண்டும். மொத்தத் தூரம் 14,000 கிலோமீட்டரை ஒட்டி வரும். நான் பயந்த அளவுக்குச் சுற்று இல்லை.

தூரத்தைவிட நேரம்தான் பழகக் கடினமாக இருந்தது. குளிர்காலத்தில் டொராண்டோ பத்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். மார்ச் இரண்டாவது ஞாயிறு இங்கே கடிகாரத்தை முன்னால் தள்ளியதும் அது ஒன்பதரை ஆகிவிடும். அம்மா மாலை ஆறரைக்கு விளக்கேற்றிவிட்டு அழைத்தால் எனக்குக் காலை எட்டு, பேச நேரம் உண்டு. மார்ச்சுக்கு அப்புறம் அது ஒன்பது, வேலையில் இருப்பேன். முதல் வருடம் இரண்டு வாரம் அவர் அழைப்பை எடுக்கவே முடியவில்லை. ஏன் என்று முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அது இன்னும் உறுத்துகிறது.

அப்பா மருத்துவமனையில் சேர்ந்த அன்றுதான் உண்மையான கணக்கைப் போட்டேன். வீட்டிலிருந்து விமான நிலையம் 1 மணி, அங்கே 3, துபாய் வரை 13, காத்திருப்பு 5, சென்னைக்கு 4, வெளியே வர 1, காரில் 2. மொத்தம் 29. திரும்பி வரும்போது எதிர்க்காற்றால் துபாயிலிருந்து இன்னும் ஒரு மணி நேரம் கூடும். அந்த 29 மணி நேரமும் அப்பா கண் விழித்தாரா என்பது தவிர வேறு நினைவே இல்லை. போய்ச் சேர்ந்தபோது விழித்திருந்தார்.

இப்போது பாஸ்போர்ட், பி.ஆர். கார்டு (கனடாவின் நிரந்தரக் குடியிருப்பு அட்டை) இரண்டையும் ஒரே பையில் வைத்திருக்கிறேன். இரண்டும் எப்போது காலாவதி என்று மனப்பாடம். இங்கே புதிதாக வருகிறவர்களிடமும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

அம்மா கேட்டால் கிலோமீட்டர் சொல்வதில்லை. 29 மணி நேரம் என்கிறேன். அவர் விரல் விட்டு எண்ணுகிறார். "சரி, இன்னிக்குச் சாயங்காலம் கிளம்பினா நாளன்னிக்கு விடியறதுக்குள்ள வந்துடுவே."