பெரியப்பாவின் முக்கோணம்

பெரியப்பா இறந்த செய்தி அமெரிக்காவில் நான் படிக்கும் பஃபலோ நகரத்துக்கு விடியற்காலை நான்கு மணிக்கு வந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்காவது போய்விட வேண்டும் என்று அன்றே விடுப்புக் கேட்டேன். நான் மானிடவியல் முனைவர் பட்ட மாணவி. இளநிலை மாணவர்களுக்குப் பாடமும் எடுத்துச் சம்பளம் வாங்குகிறேன். அலுவலகப் பெண்மணி பரிவோடுதான் கேட்டார்: "அவர் உங்களுக்கு என்ன உறவு?"

"அப்பாவின் அண்ணன்."

அவர் பட்டியலைப் பார்த்தார். பெற்றோர், உடன்பிறந்தோர், கணவர், பிள்ளைகள் இருந்தார்கள். அங்கிள் இல்லை. சம்பளமில்லாமல் விடுப்பு எடுத்தால் விமான டிக்கெட்டுக்கு வழியில்லை. போகவில்லை.

அங்கிள்! காட்பாடியில் அந்தச் சொல்லை எதிர்வீட்டுக்காரருக்கும் கடைக்காரருக்கும் தருவோம். அப்பா வேலைக்காக வெளியூரில் இருந்த ஆறு வருடமும் என்னைச் சைக்கிளில் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டவர் அங்கிளா?

அதே வாரம் வகுப்பில் உறவுமுறைப் பாடம். ரோச்செஸ்டரில் வழக்கறிஞராக இருந்த லூயிஸ் ஹென்றி மார்கன் 1871இல் வெளியிட்ட உறவுமுறை அட்டவணைகளைப் படித்தோம். இந்த நியூயார்க் மாநிலத்து செனெகா பழங்குடி மக்கள் அப்பாவின் சகோதரனையும் அப்பா என்றே அழைப்பதைக் கண்டு அவர் வியந்தார். தமிழிலும் அதே ஒழுங்கு இருப்பதை அறிந்ததும், அமெரிக்கப் பழங்குடிகள் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்பதற்கு அதுவே சான்று என்று நம்பினார். சொற்கள் ஒத்திருந்தால் வம்சமும் ஒன்று என்பதை நான் ஏற்கமாட்டேன். ஆனால் அவருக்குத் தமிழ் முறைகளைச் சொன்னவர்கள் ஆற்காடு மிஷன் என்ற கிறிஸ்தவ சமயப்பணி அமைப்பைச் சேர்ந்த ஸ்கடர் சகோதரர்கள் என்று படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர்களுடைய தம்பி மகள்தான் வேலூரில் மருத்துவமனை தொடங்கிய ஐடா ஸ்கடர். நான் பிறந்தது அங்கேதான். பெரியப்பா அப்பாவுக்குச் சமம் என்பது எங்கள் பக்கத்திலிருந்தே இங்கே வந்து, நூற்றைம்பது வருடமாக அச்சில் இருக்கிறது! அந்தப் பக்கத்தை நகலெடுத்து அலுவலகத்துக்குக் கொண்டுபோகலாமா என்றுகூட யோசித்தேன்.

மாமா பிள்ளைகளும் அத்தை பிள்ளைகளும் முறை, சித்தப்பா பிள்ளைகளும் சித்தி பிள்ளைகளும் அண்ணன் தங்கை என்று நான் விளக்கியபோது வகுப்பே குதூகலித்தது. "என் சித்தப்பா மகனைக் கட்டிக்கொள்ளலாமா?" என்று ஒருத்தி கேட்க, நான் அலறிய அலறலில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிற்றுண்டிச்சாலையை மூடும்வரை காகிதக் கைக்குட்டைகளில் வட்டமும் முக்கோணமும் வரைந்துகொண்டிருந்தோம்.

எனக்கு இது மூன்றாவது குளிர்காலம். ஈரி ஏரியிலிருந்து வரும் பனிக்குப் பழகிவிட்டேன். காலையில் நானே மண்வெட்டியால் வழி ஒதுக்குகிறேன். ஒதுக்கும்போதே வறண்ட பாலாற்று மணல் நினைவுக்கு வந்துவிடுகிறது. அந்த மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, பையில் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயோடு பெரியப்பா வருவார். பெரியம்மா குழம்பைக் கூட்டுவதற்குள் எனக்கு இரண்டு முறை பசித்துவிடும்.

அவரவர் குடும்ப வரைபடத்தை வரைந்துவருவது இந்த வாரப் பயிற்சி. ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், திருமணத்துக்குச் சமக்குறி, இறந்தவர் மேல் ஒரு சாய்கோடு. நேற்றிரவு எல்லோரையும் வரைந்த பிறகு, கடைசியாகப் பெரியப்பாவின் கோட்டைப் போட்டேன். கை நடுங்கி, கோட்டின் நுனி பக்கத்து வட்டத்தில், பெரியம்மாவின் மேல் பட்டுவிட்டது. பதறிப்போய் ரப்பரை எடுத்து, தடம்கூடத் தெரியாதபடி அழித்தேன்.