கறுப்பி அடை கிடந்த 21 நாள்

கறுப்பி மூன்று நாளாக முட்டையே இல்லாத மூலையில் போய்க் கிடந்தாள். கிட்டப் போனால் இறகெல்லாம் சிலிர்க்கும், கையை நீட்டினால் கொத்து விழும். அடைக்கு வந்துவிட்டாள் என்றார் மாமி. இங்கே அடைக்கு வந்த கோழியைத் தண்ணீரில் முக்கி எடுத்து, காலில் கயிறு கட்டி வெளிச்சத்தில் விடுவார்கள். சில நாளில் அடை தெளிந்து மறுபடி முட்டையிடும். எனக்கு மனம் வரவில்லை, குஞ்சு பார்க்க ஆசை. நான் மட்டக்களப்பு டவுனில் வளர்ந்தவள், கல்யாணமாகி வாவிக்கு மேற்குப் பக்கம் இருக்கிற படுவான்கரைக்கு வந்து இரண்டு வருடம்தான். கோழியைப் பற்றி அதுவரை எனக்குத் தெரிந்தது கறி மட்டும்.

கடை முட்டை சரிவராது. பண்ணைக் கோழி சேவலோடு சேராமல் இடும் முட்டை அது, எவ்வளவு சூடு கொடுத்தாலும் குஞ்சு வராது. அரிசிப் பானைக்குள் மாமி சேர்த்து வைத்திருந்த ஊர்க்கோழி முட்டையில் ஒரு கிழமைக்குள் இட்டதாகப் பார்த்து 11 எடுத்தேன். அழுக்காக இருந்தவற்றைக் கழுவப் போனபோது மாமி கையைத் தட்டிவிட்டார். கழுவினால் ஓட்டின் மேல் இருக்கிற மெல்லிய பூச்சு போய், கிருமி உள்ளே இறங்கிவிடுமாம்.

பழைய பனையோலைக் கடகத்தில் மணல், அதன் மேல் வைக்கோல், பேனுக்காக ஒரு பிடி வேப்பிலை. பக்கத்து வளவுப் பாட்டி, நாங்கள் பெத்தா என்று கூப்பிடுபவர், வந்து ஒரு கரித்துண்டையும் இரும்பாணியையும் உள்ளே செருகினார், இடி முழங்கினாலும் முட்டை கெடாதாம். கோடையில் இடி எங்கே என்று சிரித்தேன். ஆணியை மட்டும் எடுக்கவில்லை. இருட்டின பிறகு கறுப்பியைத் தூக்கி வைத்தோம். நாட்காட்டியில் 21 நாள் எண்ணினால் கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்கு அன்று வந்து நின்றது.

முதல் இரண்டு நாளும் அவள் எழும்பியதை நான் பார்க்கவே இல்லை. தின்னாமல் செத்துப் போவாளோ என்று பயந்து மூன்றாம் நாள் இரண்டு கையாலும் அப்படியே தூக்கினேன். செட்டைக்குள் ஒரு முட்டையை இடுக்கி வைத்திருந்திருக்கிறாள். அது நழுவி மற்ற முட்டைகள் மேல் விழுந்து உடைந்தது. சத்தம் கேட்டு வந்த பெத்தா, "என்ன கா, கோழியை விட நீதான் அடை கிடக்கிறாய் போல" என்றார். அடைக்கோழி நாளுக்கு ஒரு தடவை, கால் மணி நேரம்போலத்தான் இறங்கும். தின்று, குடித்து, மண்ணில் புரண்டு, பெரிதாக ஒரு நாற்றம் பிடித்த எச்சம் போட்டுவிட்டுத் தானாகவே ஏறிவிடும். தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால் முதலில் செட்டைக்குக் கீழே கை விட்டுப் பார்க்க வேண்டும்.

உடைந்தது ஒரு முட்டைதான், ஆனால் வைக்கோலில் மஞ்சள் கரு ஊறிவிட்டது. மேலே மட்டும் துடைத்துவிட்டு இருந்துவிட்டேன். அடுத்த நாள் விடிய எறும்பு. கடகத்தின் விளிம்பில் சிவப்பாக ஒரு கோடு. கறுப்பி எழும்பாமல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள். வைக்கோல் முழுவதையும் மாற்றி, கடகத்தை நாங்கள் உட்காரும் வாங்கு ஒன்றின் மேல் ஏற்றி, வாங்கின் நாலு காலுக்கும் கீழே தண்ணீர் நிறைத்த சிரட்டை வைத்தேன். எறும்பு நின்றது. நான் செய்ததிலேயே கெட்டித்தனமான வேலை இது என்று அப்போது நினைத்தேன்.

ஆறாம் நாள் எண்ணினால் 11 முட்டை. பத்துத்தானே இருக்க வேண்டும்? கறுப்பி இறங்கிய நேரத்தில் எங்கள் மற்றக் கோழி செவலை ஏறி ஒன்று இட்டுவிட்டுப் போயிருக்கிறாள். நல்ல வேளையாக முதல் நாளே ஒவ்வொன்றிலும் பென்சிலால் கோடு போட்டிருந்தேன், கோடில்லாததை எடுத்துவிட்டேன். பிந்திய முட்டை உள்ளே கிடந்தால் வீண்தான். முதல் குஞ்சுகள் நடக்கத் தொடங்கியதும் தாய் அவற்றோடு போய்விடும், மிச்சம் குளிர்ந்துவிடும். எட்டாம் நாள் இரவு போன் டோர்ச்சில் வைத்துப் பார்த்தேன். எட்டு முட்டையில் சிலந்திக்கால் போலச் சிவப்பு நரம்பு. இரண்டு வெறும் வெளிச்சம். அந்த இரண்டும் நாய்க்குப் போயின.

அதன் பிறகு எனக்கு ஒரே பயம் பருந்துதான். வலை வாங்கி வந்து முற்றத்தில் கம்பு நட்டுக் கட்டச் சொல்லி இவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வெயிலில் நிறுத்தினேன்.

இருபதாம் நாள் பின்னேரம் முட்டைக்குள் 'கீச்' என்று கேட்டது. கறுப்பி கீழே பார்த்து மெதுவாகப் பதில் சொன்னாள். அடுத்த நாள் ஒரு முட்டையில் ஓட்டை விழுந்தது, விழுந்து பல மணி நேரமாகியும் குஞ்சு வரவில்லை. எடுத்து உரிக்கக் கை துடித்தது. பெத்தா விடவில்லை. ஓட்டின் உள்தோலில் அந்த நேரம் இன்னும் இரத்தம் ஓடும், உரித்தால் இரத்தம் போயே குஞ்சு செத்துவிடும் என்றார். சரி என்று மாலையில் குளிர்த்திக்குப் போய்விட்டேன்.

விடியத் திரும்பி வந்து பார்த்தால் ஐந்து குஞ்சு செட்டைக்குள், ஒன்று தரையில் விறைத்துப்போய், ஒன்று சிரட்டைத் தண்ணீருக்குள். எறும்புக்கு வைத்த அதே சிரட்டை. வாங்கிலிருந்து விழுந்திருக்கின்றன. பொரிக்கும் நாளில் கடகத்தைத் தரைக்கு இறக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தரையில் கிடந்ததைத் துணியில் சுற்றி அடுப்படிச் சூட்டில் வைத்தேன், அரை மணி நேரத்தில் தலை தூக்கியது. பிறகு தாயின் அடியில் விட்டேன். சிரட்டைக்குள் இருந்தது போய்விட்டது. எட்டாவது முட்டை பொரிக்கவே இல்லை.

ஆறு குஞ்சு. முதல் நாள் தீனே போடவில்லை. வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு ஒன்றிரண்டு நாளுக்குத் தாங்கும். தண்ணீரைத் தட்டையான மூடியில் வைத்து, நிறையக் கூழாங்கல் போட்டேன். அந்தக் கல்லெல்லாம் நான் ஒவ்வொன்றாகப் பொறுக்கியது. அடுத்த நாளிலிருந்து குறுணல் அரிசியும் கடையில் வாங்கிய குஞ்சுத் தீனும். வெறும் அரிசியில் வளர்த்தால் கால் பலவீனமாகும். பெத்தா ஒரு உடைந்த பானைக்குள் வைக்கோலும் காய்ந்த சாணியும் அடைத்து, நனைத்து, வேலியோரம் கவிழ்த்து வைத்தார். ஓரிரு நாளில் உள்ளே கறையான். அதைத் தட்டிவிட்டதும் கறுப்பி போட்ட கூப்பாட்டைக் கேட்டிருக்க வேண்டும். தான் ஒன்றும் விழுங்காமல் கொத்திக் கொத்திக் கீழே போட்டுக் கொடுத்தாள்.

பருந்து ஒரு நாள் வந்தது. குஞ்சுகள் வலைக்கு வெளியே, வாழைக்குக் கீழே நின்றன. கறுப்பி ஒரு குரல் கொடுத்ததும் ஆறும் இலைக்குள் மறைந்தன. அவள் மட்டும் செட்டையை விரித்து மேலே பாய்ந்தாள். பருந்து போய்விட்டது. வலையில் இப்போது பாகற்கொடி ஏறுகிறது.

ஒரு குஞ்சை ஐந்தாம் கிழமை அம்மை கொண்டுபோனது. கண்ணைச் சுற்றிக் கொப்புளம், பிறகு பார்வை மறைந்து தீன் எடுக்கவில்லை. மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவினேன். நுளம்பால் பரவும் நோய், வந்த பிறகு தடுப்பூசி போட்டுப் பயனில்லை என்று கால்நடை வைத்தியர் சொன்னார். மற்ற ஐந்தும் தப்பின.

இரண்டு மாதம் போனதும் ஒரு காலையில் கறுப்பி தன் குஞ்சுகளையே கொத்தி விரட்டினாள். நான் கோபத்தில் கம்பெடுத்தேன். "விடு புள்ள, முட்டைக்கு வந்திட்டாள்" என்றார் பெத்தா. அன்று இரவு ஐந்தும் தனியாக முருங்கைக் கொப்பில் வரிசையாக இருந்தன. நாலாம் நாள் கடகத்தில் ஒரு முட்டை கிடந்தது. பென்சிலைத் தேடினேன், காணவில்லை. கரித்துண்டால் கோடு போட்டேன்.