நாய்க்கு லைசென்ஸ் வாங்கிவிடலாம், கீழ்வீட்டு மாமியிடம்?

சென்னையில் அபார்ட்மென்ட்டில் நாய் வளர்ப்பவரா நீங்கள்? மாநகராட்சி லைசென்ஸ் வாங்க வேண்டுமென்றால் முதலில் எழுந்து போய்த் தடுப்பூசிப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். ரேபிஸ் ஊசி போட்ட பக்கத்தில் டாக்டரின் சீல் இருக்கிறதா? கிறுக்கின கையெழுத்து கணக்கில் வராது. சீல், அதில் அவருடைய பதிவு எண், மருந்துப் புட்டியிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கர், அடுத்த ஊசிக்கான தேதி. இவ்வளவும் இருந்தால் நீங்கள் புண்ணியம் செய்தவர். எங்கள் பழைய புத்தகத்தில் இதில் ஒன்றுகூட இல்லை.

எங்கள் நாயின் பெயர் பஜ்ஜி. நாட்டு நாய், பெண். தம்பி வேளச்சேரியில் தங்கியிருந்தபோது குட்டியாக எடுத்து வளர்த்தான். பெங்களூரில் வேலை கிடைத்ததும், "கொஞ்ச நாள் வச்சுக்கோக்கா" என்று விட்டுவிட்டுப் போனான். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

2025 கடைசியில் மாநகராட்சி, வீட்டு நாய்களுக்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம், இல்லையென்றால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. அந்தச் செய்தி வந்த சூட்டோடு எங்கள் அசோசியேஷன் வாட்ஸாப் குழுவில் ஒரு கடிதம் வந்தது. லைசென்ஸ் நகல் கொடுக்கும்வரை நாயை லிஃப்டில் ஏற்றக் கூடாது. எதிர்வீட்டிலும் கீழ்வீட்டிலும் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கி வர வேண்டும். அப்புறம், லிஃப்டைத் துடைக்க மெயின்டனன்ஸோடு மாதம் 300 ரூபாய் கூடுதல். 'செல்லப்பிராணி வளர்ப்போர் அனைவரும்' என்று பொதுவாகத்தான் எழுதியிருந்தார்கள். கட்டிடத்திலேயே நாய் இருப்பது எங்கள் வீட்டில் மட்டும். வீடு மூன்றாம் மாடி. பஜ்ஜிக்குப் படியேறுவது விளையாட்டு, என் முழங்காலுக்கு அப்படி இல்லை.

மாநகராட்சி இணையதளத்தில் விண்ணப்பிப்பது பெரிய வித்தை இல்லை. முகவரிச் சான்று, நாயின் போட்டோ, ஊசிச் சான்று. கட்டணம் வருடத்துக்கு 50 ரூபாய்தான். ஒரு காபி குடிக்கிற நேரத்தில் ஏற்றிவிட்டேன். ஊசிச் சான்று சரியில்லை என்று திரும்பி வந்தது.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பக்கத்தில் நீல மையில் 'ஏ.ஆர்.வி.' (ரேபிஸ் ஊசியின் சுருக்கப் பெயர்) என்று எழுதி, பக்கத்தில் ஒரு சுழி. ஸ்டிக்கர் ஒட்ட வேண்டிய கட்டத்தில் வேறு ஏதோ ஊசியின் ஸ்டிக்கர். உரிமையாளர் பெயர், தம்பி. நாயின் பெயர், பேபி. குட்டியைத் தூக்கிக்கொண்டு போன அன்று பெயர் வைக்கவில்லையாம், அவர்களாகவே எழுதிக்கொண்டார்கள்.

சரி, போட்ட இடத்திலேயே திருத்தி வாங்கலாம் என்று பஜ்ஜியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அந்த கிளினிக்குக்குப் போனேன். ரிசப்ஷன் பெண் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. "சீல் டாக்டர்கிட்டதான் இருக்கும், சாயங்காலம் வாங்க." சாயங்காலம் போனால், "இன்னிக்கு ஆபரேஷன் டே மேடம், ஓ.பி. கிடையாது." இதைக் காலையில் சொல்லியிருக்கலாமே என்றேன். "நீங்க கேக்கலையே!"

இன்னொரு நாள் ஒருவழியாக டாக்டரையே பிடித்தேன். ஊசி போட்டவர் பழைய டாக்டர், அவர் இங்கிருந்து போய்விட்டார், நான் போடாத ஊசிக்கு நான் எப்படி சீல் போடுவேன் என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். அப்படியென்றால் உங்கள் ரெக்கார்டைப் பார்த்து ஒரு கடிதமாவது கொடுங்கள் என்றேன். கம்ப்யூட்டர் மாற்றியதில் பழைய ரெக்கார்டு எல்லாம் போய்விட்டதாம். இதற்கு கன்சல்டேஷன் என்று 400 ரூபாய் பில் போட்டார்கள். பஜ்ஜி அந்த நேரமெல்லாம் கூடைக்குள் இருந்த ஒரு பெர்ஷியன் பூனையைப் பார்த்துக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்திருந்தாள். எனக்குத்தான் குரைக்க வேண்டும்போல் இருந்தது.

கடைசியில் காப்பாற்றியது எங்கள் தெருக்கோடியில் ஒற்றை அறையில் கிளினிக் வைத்திருக்கும் வயதான டாக்டர். அடுத்த ரேபிஸ் ஊசிக்கு எப்படியும் அடுத்த மாதம் நாள் வருகிறது, இப்போதே போட்டுவிடலாம், தவறில்லை என்றார். போட்டு, ஸ்டிக்கர் ஒட்டி, என் பெயரிலேயே புதுப் புத்தகம் எழுதி, பதிவு எண்ணோடு சீல் குத்திக் கொடுத்தார். பழைய இடத்தோடு மல்லுக்கட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். உங்கள் புத்தகமும் என்னுடையது மாதிரி இருந்தால் நேராக இதைச் செய்யுங்கள்.

மைக்ரோசிப் மாநகராட்சி சிகிச்சை மையத்திலேயே இலவசம். அரிசி மணி அளவு சிப்பை இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் தோலுக்கடியில் ஊசியால் செலுத்திவிடுகிறார்கள். போட்ட கையோடு ஸ்கேனரை வைத்துக் காட்டச் சொல்லி, திரையில் வரும் 15 இலக்க எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப விண்ணப்பித்தேன், லைசென்ஸ் வந்தது.

நகலை எடுத்துக்கொண்டு அசோசியேஷன் கூட்டத்துக்குப் போனபோது இன்னொரு தாளும் கையில் இருந்தது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015 பிப்ரவரியில் குடியிருப்போர் சங்கங்களுக்கென்றே அனுப்பிய சுற்றறிக்கை அது. பெரும்பான்மைத் தீர்மானம் போட்டாலும் வீட்டில் நாய் வளர்ப்பதைத் தடுக்க முடியாது, குரைக்கிறது என்பதைக் காட்டி வெளியேற்ற முடியாது, லிஃப்டில் ஏற்றாதே என்று சொல்லவோ அதற்குத் தனிக்கட்டணம் கேட்கவோ முடியாது என்று தெளிவாக இருக்கிறது. (இந்த வாரியம் 1962இல் ருக்மிணி தேவி அருண்டேலைத் தலைவராகக் கொண்டு தொடங்கியது. பல வருடம் நம் சென்னையில்தான் இருந்தது, பிறகுதான் ஹரியானாவுக்குப் போனது. இதைச் சொன்னதும் செக்ரட்டரி சார் முகத்தில் லேசாக ஒரு மதிப்பு தெரிந்தது.)

300 ரூபாய் போயிற்று. லிஃப்ட் தடையும் போயிற்று. ஆனால் செக்ரட்டரி லேசுப்பட்டவர் இல்லை. அதே தாளை வாங்கி வேறொரு பகுதியை உரக்க வாசித்தார்: பொது இடத்தில் சங்கிலியோடு கூட்டிப் போகவும், அசுத்தம் செய்தால் எடுத்துப் போடவும், அண்டை வீட்டாருக்குத் தொல்லை இல்லாமல் பார்த்துக்கொள்ளவும் நாய் வைத்திருப்பவர்களுக்கு அறிவுரை. வாசித்துவிட்டு, மடித்து வைத்திருந்த கடிதம் ஒன்றை என்னிடம் நீட்டினார். கீழ்வீட்டு மாமியின் ஆட்சேபணை. கோடு போட்ட தாளில், இரண்டு பக்கம்.

புகார்கள் நான்கு. ராத்திரியில் தலைக்கு மேல் 'டக் டக்' சத்தம். பால்கனி கழுவும் தண்ணீர் கொடியில் காயும் துணிமேல் விழுகிறது. நைட் ஷிஃப்ட் முடித்து வந்து பையன் தூங்கும்போது நாய் குரைக்கிறது. மொட்டை மாடியில் காய வைத்த வடாமை நாய் தின்றுவிட்டது. நான்காவது அபாண்டம். பஜ்ஜி மொட்டை மாடிக்குப் போனதே இல்லை, அது காக்கா வேலை. மற்ற மூன்றுக்கும் சுற்றறிக்கையில் பதில் கிடையாது.

தண்ணீர் விஷயம்தான் எனக்கு ஆச்சரியம். எங்கள் கட்டிடத்தில் பால்கனித் தண்ணீர் போக சுவரிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குக் குழாயை நீட்டி அப்படியே விட்டிருக்கிறார்கள். கீழே எட்டிப் பார்த்தால் அதற்கு நேர் கீழே மாமியின் கொடி, அதில் மாமாவின் வேட்டி. பஜ்ஜி அவசரத்துக்குப் பால்கனியில் போனால் ஃபினாயில் ஊற்றிக் கழுவிவிடுவோம், அது எங்கே போகிறது என்று மேலே இருப்பவருக்குத் தெரியாது. பிளம்பரை வரவழைத்து, ஒரு எல்போ வைத்து, மழைநீர்க் குழாயோடு சேர்த்துவிட்டோம். ஆள் கூலியோடு ஆயிரத்துக்குள் முடிந்தது. மேல் மாடியில் இருப்பவர்கள் தயவுசெய்து ஒருதரம் எட்டிப் பாருங்கள்.

'டக் டக்', நகம். டைல்ஸ் தரையில் அது இங்கே கேட்பதைவிடக் கீழே அதிகம் கேட்கும். நகம் வெட்டி, அவள் ராத்திரி உலாத்தும் வழியில் அடியில் ரப்பர் வைத்த மிதியடிகளைப் போட்டாயிற்று.

குரைப்புதான் இழுத்தடித்தது. வீட்டில் ஆள் இருந்தால் குரைக்க மாட்டாள், அதனால் எப்போது எதற்கு என்றே தெரியவில்லை. பழைய போன் ஒன்றை ரெக்கார்டிங்கில் போட்டு ஷோகேஸில் வைத்துவிட்டு ஆபீஸ் போனேன். கேட்டால், குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும்போது ஒரு கச்சேரி, கூரியர்காரர் காலிங்பெல் அடித்தால் இன்னொன்று, நடுவில் நிம்மதியான குறட்டை. படுக்கையைத் தெருப்பக்கம் இருந்த ஹாலிலிருந்து உள்ரூமுக்கு மாற்றினோம். பார்சலை வாட்ச்மேன் அண்ணாவிடம் கொடுக்கச் சொல்லிவிட்டேன். கிளம்பும்போது, உள்ளே குழியுள்ள ரப்பர் பொம்மையில் தயிர் சாதத்தை அடைத்து, ஃப்ரீசரில் இறுக வைத்ததைக் கொடுத்துவிட்டுப் போகிறேன். அதை நக்கி முடிப்பதற்குள் குப்பை வண்டி தெருவைத் தாண்டிவிடும். உப்பு, வெங்காயம் சேர்க்காதீர்கள், நாய்க்கு வெங்காயம் ஆகாது.

எதிர்வீட்டுப் பிரச்சினை வேறு. அவர்கள் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை, ஆனால் பஜ்ஜியைக் கண்டாலே அந்த அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுவார். 2024 மே மாதம் ஆயிரம் விளக்கில் பூங்காவில் ஐந்து வயதுக் குழந்தையை இரண்டு ராட்வைலர்கள் குதறியது இந்த ஊரில்தான். அவர் குழந்தைக்கும் அதே வயது. பஜ்ஜி நாட்டு நாய், சாது என்று நான் வாதாடி என்ன ஆகப்போகிறது? நாய் வைத்திருக்கும் நாம் எல்லோரும் ஒரு வசனம் வைத்திருக்கிறோம்: "பயப்படாதீங்க, ஒண்ணும் பண்ணாது." பயப்படுகிறவருக்கு இதைவிட எரிச்சலான வசனம் இல்லை. அதை விட்டுவிட்டேன். லிஃப்டில் யாராவது நின்றால் நாங்கள் ஏறுவதில்லை, அடுத்ததில் வருகிறோம். படியில் எதிரே வந்தால் பஜ்ஜியைச் சுவர்ப்பக்கம் உட்கார வைத்து, நான் நடுவில் நிற்கிறேன். சங்கிலியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருப்பது கண்ணுக்குத் தெரியும்படி வைத்துக்கொள்வேன். இப்போது அந்த அம்மா கதவைச் சாத்துவதில்லை, வாசலிலேயே நின்று நாங்கள் போகும்வரை பார்க்கிறார். எனக்கு இதுவே போதும்.

வாக்கிங்கில் பழைய பேப்பர், கவர் இரண்டும் கையில் இருக்கும். எடுத்ததைத் தெருமுனைக் குப்பையில் வீசினால் அதைக் கையால் பிரிக்கப் போவது தூய்மைப் பணியாளர்கள்தான். நான் வீட்டுக்குக் கொண்டுவந்து கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிடுகிறேன். மார்கழியில் கோலம் போடுவதற்கு முன்பே ஒரு சுற்று முடித்துவிடுவது நல்லது. கோலத்தில் நாய்க் கால்தடம் விழுந்தால் அதற்கு எந்த வாரியமும் உதவிக்கு வராது.

மாமி ஆட்சேபணையைத் திரும்பப் பெறவில்லை. குழாயைப் பார்த்துவிட்டு, "இதை முன்னாடியே பண்ணியிருக்கலாம், சரி போ" என்றார். வடாம் வழக்கு மட்டும் நிலுவையில் இருக்கிறது.

லைசென்ஸ் ஒரு வருடத்துக்குத்தான் என்பதை மறக்காதீர்கள், புதுப்பிக்கும்போதும் ரேபிஸ் ஊசி நடப்பில் இருக்க வேண்டும். புதுப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துத் தம்பிக்கும் அனுப்பி வைத்தேன். "சூப்பர்க்கா, அப்போ இனிமே பஜ்ஜி உன் பேர்லயே இருக்கட்டும்" என்று பதில் போட்டிருக்கிறான்.