தொடாதே என்று சொன்ன தாள்கள்

"இதைத் தொடாதே" என்றுதான் சொன்னேன். "வைத்துவிட்டுப் போ, வீட்டில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லியிருக்கலாம். நாற்பது பக்கம் இருக்கும், மூலையில் பின் அடித்த தாள்கள். முதல் நாலைந்து பக்கங்களைப் புரட்டினேன், அவன் பக்கமாகத் தள்ளி வைத்தேன், சொல்லிவிட்டேன். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

எங்கள் குழுவின் இளைய பையன் அவன், லினக்ஸ் சான்றிதழ்த் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். கேட்டது இதுதான்: "அக்கா, ஆறு வாரம்தான் இருக்கிறது. இதைப் படித்தாலே போதும் என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" அந்தக் கேள்வியின் பாரம் முழுவதும் ஆறு வாரம் என்ற சொல்லில் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு என் கண்ணில் பட்டது தாள்கள் மட்டுமே.

எங்கள் துறையில் அதை டம்ப் என்பார்கள். யாரோ தேர்வு எழுதிவிட்டு வந்து நினைவிலிருந்து எழுதி வைத்த கேள்விகள், யாரோ எழுதிச் சேர்த்த விடைகள். ரெட் ஹேட் நிறுவனம் லினக்ஸ் சர்வர் நிர்வாகிகளுக்கு நடத்தும் ஆர்எச்சிஎஸ்ஏ தேர்வில் உட்காருகிற ஒவ்வொருவரும் கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் உட்காருகிறார்கள். அதனால் அந்தத் தாள்கள் எங்கிருந்து வந்திருந்தாலும் ஒருவர் வாக்குத் தவறியதால் வந்தவை. இதை நான் அவனிடம் சொன்னேன். அந்த வார்த்தைகளை இன்றும் திரும்பப் பெற மாட்டேன்.

இன்னொரு காரணமும் இருந்தது. நான் புரட்டிய பக்கங்களில் ஒரு கேள்வி: இணைய சர்வர் 82ஆம் போர்ட்டில், அதாவது அந்த எண்ணுள்ள இணைப்பு வாசலில், இயங்க வேண்டும், ஆனால் தொடங்க மறுக்கிறது. விடை என்று எழுதியிருந்தது: செட்என்ஃபோர்ஸ் 0. அதாவது லினக்ஸின் பாதுகாப்பு அடுக்கான எஸ்இலினக்ஸ் காவலையே தளர்த்திவிடு என்கிறது தாள். சர்வர் அந்த நிமிடமே தொடங்கிவிடும்; எழுதியவருக்கு அதுவே போதுமாக இருந்திருக்கும். ஆனால் இயந்திரத்தை ரீபூட் செய்தால் காவல் பழையபடி வந்துவிடும், சர்வர் மறுபடியும் விழும். செமேனேஜ் கட்டளையால் அந்தப் போர்ட்டை இணைய சர்வருக்கு உரியதாகப் பதிவு செய்வதுதான் முறை. இருபத்து மூன்று வயதுப் பையன் இதை மனப்பாடம் செய்துகொண்டு நாளைக்கு ஒரு வங்கியின் சர்வரில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குக் கோபம் வந்தது. "தொடாதே" என்ற சொல் அந்தக் கோபத்திலிருந்து வந்தது.

வெறுமனே மறுத்துவிட்டு எழுந்து போகவில்லை. அது 2021ஆம் ஆண்டின் தொடக்கம். அலுவலக அலமாரியில் கிடந்த தடித்த புத்தகம் ரெட் ஹேட் லினக்ஸின் ஏழாம் பதிப்புக்கு உரியது, தேர்வோ எட்டாம் பதிப்பில் நடந்தது. மென்பொருளைத் தனிப் பொதியாக இயக்கும் கன்டெய்னர்கள் புதிதாகச் சேர்ந்திருந்தன, சிறிய ஷெல் ஸ்கிரிப்ட் எழுதுவதும் சேர்ந்திருந்தது. அந்தப் பழைய புத்தகத்தை எடுக்கவே விடாமல், எட்டுக்கான புத்தகத்தை என் பணத்தில் வாங்கிக் கொடுத்தேன். ரெட் ஹேட் நிறுவனமே வெளியிடும் தேர்வு நோக்கங்களின் பட்டியலை அச்செடுத்து, அவன் எங்கெல்லாம் பலவீனம் என்று கூடவே உட்கார்ந்து குறித்தேன். அவன் ரெட் ஹேட் லினக்ஸின் இலவச நகலான சென்ட்ஓஎஸ் 8 நிறுவிப் பழகிக்கொண்டிருந்தான். அதை 2021 டிசம்பரோடு நிறுத்திவிடப் போவதாக 2020 டிசம்பர் 8 அன்று அறிவிப்பு வந்திருந்ததால் அவனுக்குக் கலக்கம். ரெட் ஹேட் தன் இலவசச் சந்தாவை அப்போதுதான் ஒருவருக்கு 16 இயந்திரங்கள் வரை விரிவாக்கியிருந்தது. அதில் பதிவு செய்து அசல் லினக்ஸிலேயே பழகு, இரண்டு விஎம் (மெய்நிகர் இயந்திரம்) போதும், ஒன்றைக் கெடு, மற்றொன்றிலிருந்து சரிசெய் என்றேன். நான் சொன்னது ஒவ்வொன்றும் சரியானது. இதை எத்தனை முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று கணக்கில்லை.

அவன் எடுத்தது 186. தேற 210 வேண்டும்.

தொலைபேசியில் ஒரே ஒரு வரி சொன்னான்: "ரீபூட் செய்து பார்க்க நேரம் இல்லாமல் போய்விட்டது அக்கா." என்ன கேள்வி வந்தது என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. இது இயந்திரத்தில் செய்து காட்டும் தேர்வு; செய்தவை ரீபூட்டுக்குப் பிறகும் நிலைத்திருந்தால்தான் மதிப்பெண். ஒரு சேவையைத் தொடங்கிவிட்டு, அது தானாகத் தொடங்கும்படி செய்ய மறந்தால் அது ரீபூட்டோடு போய்விடும். வட்டுகளை இணைக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி பிசகினால் இயந்திரமே எழுந்திருக்காது. இதெல்லாம் அவனுக்குத் தெரியும். தெரிந்ததைச் சரிபார்க்க நேரம் மிஞ்சவில்லை.

அந்தத் தாள்களின் முதல் பக்கத்தில், அச்சிட்ட கேள்விகளுக்கு மேலே, யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள்: கடைசி இருபது நிமிடம் ரீபூட்டுக்கு. அதைப் பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன். அவன் தோற்ற பிறகு என் மனம் அதை அங்கே எழுதிக்கொண்டதோ என்றும் சில நாள் சந்தேகம் வரும். பார்த்திருந்தால், அந்த ஒரு வரியைத் தனியாக எடுத்து அவனிடம் கொடுத்திருக்கலாம். அதில் யாருடைய வாக்கும் தவறவில்லை. நான் கொடுத்த பொருட்கள் எதிலும் கடிகாரம் இல்லை. புரிந்துகொள், ஆழமாகப் போ என்று சொன்னேன். ஆறு வாரம் இருப்பவனிடம் ஆறு மாதத்துக்கான பாதையைக் காட்டினேன்.

அதே குழுவில் இன்னொருவன் அதே தாள்களைப் படித்து, அதே மாதம் தேர்ச்சி பெற்றான். புதிய திட்டத்தில் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். அவன் ஏதாவது ஒரு இரவு சறுக்குவான், அப்போது நான் சொன்னது சரி என்று தெரியும் என்று காத்திருந்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் காத்திருந்தேன். அவன் சறுக்கவில்லை. ஒரு நள்ளிரவு வட்டு நிரம்பி ஒரு சர்வர் திணறியபோது, நிதானமாகக் கட்டளையின் கையேடான மேன் பக்கத்தைத் திறந்து படித்து, வட்டின் எல்விஎம் பகுதியை விரித்து, கோப்பு முறைமையையும் சேர்த்து விரித்து முடித்தான். எஸ்இலினக்ஸைத் தொடவில்லை. அப்படியானால் அந்தத் தாள்கள் அவனை என்ன செய்துவிட்டன? ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கெடுத்துவிட்டன என்று சொல்ல ஆதாரமும் இல்லை.

தோற்றவன் ஆறு மாதத்தில் வேறு நிறுவனத்துக்குப் போனான். மென்பொருள் சோதனை வேலை. விடைபெறும்போது எனக்கு நன்றி சொன்னான், அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தான். பக்கமெல்லாம் பென்சில் குறிப்புகள். உண்மையாகவே படித்திருந்தான்.

அவனிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. 2013இல், ஆறாம் பதிப்பு இருந்த காலத்தில், நானும் இந்தத் தேர்வை எழுதினேன். எனக்கு மூத்தவர் ஒருவர் பதினைந்து பயிற்சிகள் கொண்ட தாள் ஒன்றைக் கொடுத்தார். "மணி பார்த்துக்கொண்டு மூன்று முறை செய்" என்றார். செய்தேன். அவை பயிற்சிகள்தான், கேள்விகள் அல்ல என்று அன்று முதல் நம்பி வருகிறேன். ஆனால் தேர்வறையில் திரையைப் பார்த்த முதல் நிமிடம் எனக்கு வந்தது நிம்மதி, வியப்பு இல்லை. எங்கோ பார்த்த வீட்டுக்குள் நுழைவதுபோல இருந்தது. அந்த மூத்தவர் அவற்றை எங்கிருந்து எடுத்தார் என்று நான் கேட்டதில்லை.

அப்படியிருக்க, நான் "தொடாதே" என்று சொன்னது யாரிடம்? அவனைக் காக்கச் சொன்னேனா, என் சான்றிதழ் சுத்தமானது என்று எனக்கே காட்டச் சொன்னேனா? ஒரு நாள் முதலாவது என்று தோன்றும். மறுநாள் இரண்டாவது. இரண்டிலும் அவன் இழந்தது 24 மதிப்பெண்ணும் ஒரு திட்டமும்.

போன மாதம் அவனிடமிருந்து செய்தி வந்தது. புதிய இடத்தில் நிர்வாகப் பணிக்கே மாறிவிட்டானாம். ஒன்பதாம் பதிப்பில் ஆர்எச்சிஎஸ்ஏ எழுதித் தேறிவிட்டானாம். "அடுத்து ஆர்எச்சிஇ அக்கா. எதைப் படிக்கலாம்?"

ஆர்எச்சிஇ அடுத்த நிலைத் தேர்வு. அது இப்போது முழுக்க ஆன்சிபிள் என்ற தானியக்கக் கருவி, அதன் கட்டளைக் கோப்பான ஒவ்வொரு பிளேபுக்கையும் கடிகாரம் வைத்து எழுதிப் பழகு என்று பதில் அனுப்பினேன். தேர்வு நோக்கங்களின் பக்கத்தையும் அனுப்பினேன். அதற்குக் கீழே 2013 பற்றி நாலு வரி தட்டச்சு செய்தேன். அந்த நாலு வரி இன்னும் என் தொலைபேசியிலேயே இருக்கிறது.