பிப்ரவரி 29 அன்று என்ன பாக்கி?

2020 ஏப்ரல் முதல் வாரத்தில் எங்கள் கிளை வாசலில் சாமியானா கட்டினோம். குடியாத்தத்திலிருந்து பேரணாம்பட்டு போகும் வழியில் இருக்கிற சின்ன வங்கிக் கிளை அது. நான் அங்கே கடன் பிரிவு அதிகாரி. ஊரடங்கில் மேலாளரையும் சேர்த்து ஐந்து பேர்தான் வேலைக்கு வந்தோம் என்பதால் எல்லோரும் எல்லா வேலையும் பார்த்தோம். தரையில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, வட்டத்துக்கு ஒருவர் நிற்க வேண்டும் என்று சொன்னோம். வட்டங்களில் நின்றவை பெரும்பாலும் செருப்புகள்தான். ஆட்கள் புளியமர நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். வரிசை நகர நகர யாராவது எழுந்து வந்து எல்லாச் செருப்பையும் ஒரு வட்டம் முன்னால் தள்ளி வைப்பார்கள்.

பெண்களின் ஜன்தன் கணக்குகளில் மாதம் 500 ரூபாய் வீதம் மூன்று மாதம் மத்திய அரசு போட்டது. கூட்டம் சேரக் கூடாது என்று கணக்கு எண்ணின் கடைசி இலக்கத்தை வைத்து நாள் பிரித்திருந்தார்கள். 0, 1 என்று முடிந்தால் ஏப்ரல் 3. 2, 3 என்றால் 4ஆம் தேதி. அப்படியே 9ஆம் தேதி வரை. ஏற்பாடு சரியானதுதான். ஆனால் பீடி சுற்றும் ஓர் அம்மா ஏழெட்டு கிலோமீட்டர் நடந்து 4ஆம் தேதி வந்தார். அவருடைய எண் 6இல் முடிந்தது. பேருந்து இல்லை. பீடிக் கடையில் இலையும் தூளும் கொடுப்பதை நிறுத்திப் பத்து நாள் ஆகியிருந்தது. "எட்டாம் தேதி வாங்கம்மா" என்றேன். அவர் கோபப்படவில்லை. பாஸ்புக்கை முந்தானையில் முடிந்துகொண்டு, "அன்னிக்கும் நடந்துதானே வரணும்" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு அவர் பெயரில் பணம் வந்திருக்கவில்லை, கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. இருந்தாலும் நான் திருப்பி அனுப்பியவர்களில் இன்றும் முகம் நினைவிருப்பவர்களில் அவர் ஒருவர்.

ஏப்ரலில் மக்களிடம் பயம் இருந்தது, பொறுமையும் இருந்தது. மே மாதத்தில்தான் குரல் மாறியது.

மே 12 இரவு பிரதமர் தொலைக்காட்சியில் கொரோனா நிவாரணத் தொகுப்பு 20 லட்சம் கோடி ரூபாய் என்று அறிவித்தார். மறுநாள் மாலை நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் முதல் பகுதியை விவரித்தார். சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கு அடமானம் இல்லாமல் 3 லட்சம் கோடி ரூபாய் கடன். அதற்கடுத்த நாள் வைகாசி 1. சாதாரண ஆண்டாக இருந்தால் அன்றைக்குக் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. நாலா பக்கமிருந்தும் ஜனம் வந்து கௌண்டன்யா ஆற்றங்கரையே தெரியாமல் போகும். அந்த ஆண்டு கூட்டம் கூட வழியில்லை, தெருக்கள் காலியாக இருந்தன. திருவிழாவுக்கு வராத ஜனம் போனில் வந்தது. காலை எட்டு மணியிலிருந்து என் கைப்பேசி ஓயவில்லை. தறிக்காரர்கள், தீப்பெட்டிக் கம்பெனி வைத்திருப்பவர்கள், பேரணாம்பட்டில் தோல் வேலைக்கு ரசாயனம் விற்பவர்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "மேடம், எனக்கு எவ்ளோ வரும்?"

அந்த மாதக் கடைசியில் திட்டத்தின் சுற்றறிக்கை வந்தது. 2020 பிப்ரவரி 29 அன்று ஒருவருக்கு வங்கியில் எவ்வளவு கடன் பாக்கி இருந்ததோ, அதில் 20 சதவீதம் புதிய கடனாகக் கிடைக்கும். நான்கு ஆண்டுத் தவணை. முதல் ஓராண்டு அசலைக் கட்ட வேண்டாம், வட்டி மட்டும் போதும். வட்டியும் 9.25 சதவீதத்துக்கு மேல் போகாது. கடன் திரும்பி வராமல் போனால் மத்திய அரசின் உத்தரவாத நிறுவனம் முழுவதையும் ஈடு செய்யும். கடன் பிரிவில் வேலை செய்கிறவளாகச் சொல்கிறேன், நல்ல திட்டம். தோல் ஏற்றுமதி நின்று கூலி கொடுக்க வழியில்லாமல் தவித்த எத்தனையோ பேரை அது தூக்கி நிறுத்தியது. எங்கள் கிளையிலேயே பார்த்திருக்கிறேன்.

ஆனால் அந்த ஒரு வரி. பிப்ரவரி 29 அன்று என்ன பாக்கி?

எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் கைலி நெய்கிறவர். சொந்தமாக நான்கு தறி, வெளியே நூல் கொடுத்து நெய்து வாங்குவது ஆறேழு வீட்டில். மூன்று லட்சம் ரூபாய் கடன் வாங்கி, ஒரு தவணையும் தவறாமல் கட்டி, பொங்கல் வியாபாரம் நன்றாகப் போனதால் ஜனவரிக் கடைசியில் மிச்சத்தையும் ஒரே தடவையில் அடைத்துவிட்டார். கடன் பாக்கி இல்லை என்ற சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் நான். "உங்களைப் போல நாலு பேர் இருந்தால் எங்களுக்குக் கவலையே இல்லை" என்று சொல்லியும் அனுப்பினேன். அந்தச் சான்றிதழை அவர் லேமினேஷன் போட்டு, தறி இருக்கும் கூடத்தில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்.

ஜூன் முதல் வாரம் வந்தார். பிப்ரவரி 29 அன்று அவர் பாக்கி பூஜ்யம். பூஜ்யத்தில் இருபது சதவீதம் என்ன வரும்? அதே தெருவில் இன்னொருவருக்கு இரண்டரை லட்சம் பாக்கி இருந்தது, அவருக்கு 50,000 ரூபாய் கிடைத்தது. நான் விதியைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "கடன கட்டாம வெச்சிருந்தாதான் கவர்மெண்டு கண்ணுக்குத் தெரிவனா மேடம்?" என்றார். கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் ஆமாம் என்றார்கள். ஒருவர் சத்தம் போட்டார். காவலாளி உள்ளே வந்தார்.

அந்த நாட்களில் மக்களுக்குத் திட்டம் புரியவில்லை என்று மேலிருந்து சொல்வார்கள். விளக்கிச் சொல்லுங்கள், துண்டுப் பிரசுரம் கொடுங்கள் என்பார்கள். எங்கள் கவுன்ட்டர் முன் நின்றவர்களுக்கு நன்றாகவே புரிந்திருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். 20 லட்சம் கோடி என்ற கணக்கில் 8 லட்சம் கோடிக்கு மேல் ரிசர்வ் வங்கி பணப்புழக்கத்துக்கு எடுத்த நடவடிக்கைகள். மீதியிலும் பெரும்பகுதி கடனும் உத்தரவாதமும். ஏற்கெனவே கடன் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறவருக்குத்தான் அது கைக்கு வந்தது. நூல் வாங்கி வீட்டில் நெய்கிறவர், குச்சி அடுக்குகிறவர், பீடி சுற்றுகிறவர் யாரும் அந்தப் புத்தகத்தில் இல்லை. இதை அவர்கள் சுற்றறிக்கை படிக்காமலே கண்டுபிடித்தார்கள்.

தவணை ஒத்திவைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி மூன்று மாதம் தவணை கட்ட வேண்டாம் என்றது, மே 22 அன்று ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. பலர் தள்ளுபடி என்றே எண்ணினார்கள். வட்டி ஓடிக்கொண்டிருக்கும் என்று சொன்னால் நான்தான் வட்டி போடுகிறேன் என்பது போலப் பார்ப்பார்கள். 12 சதவீத வட்டியில் 5 லட்சம் கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கட்டாமல் விட்டால் ஏறக்குறைய 30,760 ரூபாய் சேரும். அதில் வட்டிக்கு வட்டி 760 ரூபாய்தான். உச்ச நீதிமன்றத்தில் மாதக்கணக்கில் வழக்கு நடந்து, நவம்பர் முதல் வாரத்தில், 2 கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்கு அரசு திருப்பிப் போட்டது இந்த வகைத் தொகையைத்தான். செய்தியில் "வட்டித் தள்ளுபடி" என்று கேட்டுவிட்டு வந்தவர்களிடம் 760 என்று சொல்லும்போது என் குரல் தானாக இறங்கிவிடும்.

சரி, அந்தக் கோடையில் ஒரு நாள் அடித்த காற்றைப் பற்றிச் சொல்கிறேன்.

கத்திரி வெயிலில் வேலூர் பக்கம் எப்படி இருக்கும் என்று வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பாறை மலைகள் பகலெல்லாம் சூட்டைக் குடித்து ராத்திரியில் கக்கும். அந்த மே மாதத்தில் அம்பான் புயல் வேறு வங்கக் கடலின் ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொண்டு 20ஆம் தேதி மேற்கு வங்கத்தில் கரையேறியது. எங்களுக்கு வறண்ட மேற்குக் காற்றுதான் மிச்சம். அப்புறம் சில நாளில் கிழக்கிலிருந்து ஈரம் திரும்ப ஆரம்பித்ததும் மலைப் பக்கம் மேகம் திரண்டது. தொலைக்காட்சியில் வெப்பச் சலனம் என்பார்கள். தரை கொதித்துக் காற்று மேலே ஏறி, மூன்று நான்கு மணி நேரத்துக்குள் இடிமேகமாகி, கொட்டும்போது குளிர்ந்த காற்றை அப்படியே தரையில் அறைகிற மழை. பெய்வது அரை மணி நேரம்தான். விழுவது எல்லாம் அந்த முதல் பத்து நிமிடத்தில் விழும்.

அன்றைக்கு மதியம் ஒரு மணி வாக்கில் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டது. சாமியானா கயிற்றோடு கிளம்பி எதிரே டீக்கடைக் கூரைமேல் போய் விழுந்தது. யாருக்கும் அடிபடவில்லை. மின்கம்பி அறுந்தது. யுபிஎஸ் பேட்டரி இருபது நிமிடம் தாங்கி அணைந்தது, இணைப்பும் போனது. வாசலில் எழுபது எண்பது பேர். நனைந்தபடி கதவை ஒட்டி நின்றார்கள். வட்டமெல்லாம் கரைந்துவிட்டது. இரண்டு மணிக்கு மூட வேண்டும். "குடுக்கக் கூடாதுன்னே கரெண்ட நிறுத்திக்கிறாங்கோ" என்று ஒருவர் கத்தினார். அதை நம்பித்தான் கத்தினார். மேலாளர் வெளியே போய், கரண்ட் வரும்வரை மூட மாட்டோம் என்று சொன்னார். மின்வாரிய ஊழியர்கள் மழையில் கம்பத்தில் ஏறி, நான்கரைக்கு விளக்கு எரிந்தது. கடைசி ஆளுக்குப் பணம் கொடுத்தபோது மணி ஆறு. மே 13 அறிவிப்பில் மின் விநியோக நிறுவனங்களுக்கு 90,000 கோடி ரூபாய் இருந்தது. மின் உற்பத்தி நிறுவனங்களுக்கு அவை வைத்திருந்த பாக்கியை அடைப்பதற்கான பணம் அது, அதுவும் கடன்தான். எங்கள் ஊர்க் கம்பத்தில் ஏறியவர் நனையாமல் இருக்க ஒரு மழைக்கோட்டு கூட இல்லாமல் ஏறினார்.

மறுநாள் காலை ஒரு வாழை விவசாயி என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். இரண்டு ஏக்கர். பயிர்க்கடன் நாங்கள் கொடுத்தது. கிழக்கே தலை வைத்து எல்லா மரமும் ஒரே திசையில் படுத்திருந்தது. தார் பாரம் தாங்காமல் நடுவில் முறிந்தவை பாதி, வேரோடு சாய்ந்தவை பாதி. சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்திருந்தார், முட்டும் சேர்ந்தே விழுந்திருந்தது. பாதித் தார் ஏப்ரலிலேயே வெட்டியிருக்க வேண்டியது. லாரி இல்லை, வியாபாரி வரவில்லை, மே 5 அன்று கோயம்பேடு சந்தையும் மூடப்பட்டது. இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம் என்று மரத்திலேயே விட்டு வைத்திருந்தார். நேரத்துக்கு வெட்டியிருந்தால் காற்றுக்கு அங்கே அவ்வளவு வேலை இருந்திருக்காது. இந்த நஷ்டத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. காற்று என்று எழுதினால் பாதி உண்மை. ஊரடங்கு என்று எழுதினாலும் பாதிதான்.

அவர் காப்பீட்டைக் கேட்டார். பிரதமரின் பயிர்க் காப்பீட்டில் தனி ஒருவர் வயலுக்கு மட்டும் சேதம் என்றால் எதற்கெல்லாம் உண்டு என்று அப்போது ஒரு பட்டியல் இருந்தது: ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, நீர் தேங்குதல், மேகவெடிப்பு, மின்னலால் தீ. வெறும் காற்று அதில் இல்லை. பேரிடர் நிவாரணம் கேட்டு வருவாய்த் துறைக்கு எழுதலாம். 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் என்று கணக்கெடுத்தால் பாசனப் பயிருக்கு அப்போதைய மத்திய விதிப்படி ஹெக்டேருக்கு 13,500 ரூபாய். இரண்டு ஏக்கர் என்பது ஒரு ஹெக்டேர் கூட இல்லை. நான் கணக்குப் போட்டுச் சொன்னபோது அவர், கன்று வாங்கின காசே அதைவிட அதிகம் என்றார். கடனை நீண்டகாலத் தவணையாக மாற்றிக் கொடுத்தோம். அதைத்தான் எங்களால் செய்ய முடிந்தது.

கைலி நெய்கிற அந்த அண்ணன் ஆகஸ்டில் மறுபடி வந்தார். மனைவியின் ஐந்து சவரனைக் கைக்குட்டையில் கட்டிக் கொண்டுவந்தார். அந்த மாதம் 6ஆம் தேதிதான் ரிசர்வ் வங்கி, விவசாயம் அல்லாத நகைக்கடனை நகை மதிப்பில் 75 சதவீதத்திலிருந்து 90 சதவீதம் வரை கொடுக்கலாம் என்று தளர்த்தியிருந்தது. தங்கம் அதுவரை காணாத உச்சத்தில், சவரன் 40,000 ரூபாய்க்கு மேல் இருந்தது. 90 சதவீதம் கேட்டார், கொடுத்தேன். நூல் வாங்கினார், தறி ஓட ஆரம்பித்தது.

அடுத்த மார்ச்சில் சவரன் 34,000 அருகே இறங்கிவிட்டது. கடனும் வட்டியும் சேர்ந்து நகை மதிப்பைத் தாண்டியது. குறையும் தொகையைக் கட்டச் சொல்லி அறிவிப்பு அனுப்ப வேண்டும், இல்லையென்றால் ஏலம். கையெழுத்து என்னுடையது. தபாலில் போட மனம் வரவில்லை, சாயங்காலம் நானே எடுத்துக்கொண்டு போனேன். கூடத்தில் இரண்டு தறி ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் அந்தச் சான்றிதழ் அதே இடத்தில் இருந்தது. காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"எத்தினி நாள் டைம் மேடம்?"

"பதினைந்து நாள் அண்ணே."

"இந்தப் பாவு முடிய பத்து நாளாவும். அப்புறம் வந்து கட்டிடறேன்" என்று சொல்லிவிட்டு, மனைவியை டீ போடச் சொன்னார்.