உந்தப் பக்கம்

"உந்தப் பக்கம் போகாதேங்கோ, தம்பி."

அந்த அம்மா சொன்னது இவ்வளவுதான். செக்‌ஷன் கமாண்டர் என்னைப் பார்த்து "க்யா போலி?" என்றார். "பின்னாடி ஒன்றும் இல்லையாம்" என்று இந்தியில் சொன்னேன். தலையாட்டினார். ஒழுங்கையில், அதாவது சந்தில், நடந்தோம். கிடுகு வேலி திரும்பும் இடத்தில் வெடித்தது. முன்னால் போன லம்புவுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

1988, யாழ்ப்பாணத்துத் தென்மராட்சி. இந்திய அமைதிப்படையில் போயிருந்தோம். எங்கள் செக்‌ஷனில் பத்துப் பேர். தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன். என்னை 'ஜுபான்' என்றுதான் கூப்பிடுவார்கள். இந்தியில் நாக்குக்கும் மொழிக்கும் அதே சொல்தான்.

மாற்றிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. ஒரு வாரம் முன்பு வேறொரு வீட்டில் ஒரு பெரியவர் "அறைக்குள்ள போகாதேங்கோ" என்றார். அப்படியே இந்தியில் சொன்னேன். போகாதே என்றால் நம் ஆட்கள் போகாமல் இருப்பார்களா? உள்ளே அம்மை கண்ட ஒரு பெண்பிள்ளை வேப்பிலைமேல் படுத்திருந்தாள். பெரியவருக்குத் துப்பாக்கிக் கட்டையால் ஓர் அடி விழுந்தது. அதற்கப்புறம், வார்த்தையைக் குறைத்தால் அடியும் குறையும் என்று பழகிக்கொண்டேன். இந்த அம்மா வீட்டுக் கொடியிலும் ஒரு பாவாடை காய்ந்துகொண்டிருந்தது. பின்கட்டைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

இதோடு நின்றிருந்தால் சமாதானம் ஆகியிருப்பேன். பல வருடம் கழித்து, திருச்சியில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர், "உந்தக் கதிரையில இருங்கோ" என்றார். கை காட்டியது என் பக்கத்திலிருந்த நாற்காலியை. விசாரித்தேன். அந்த என்றால் தூரத்தில், இந்த என்றால் தன் பக்கத்தில், உந்த என்றால் கேட்கிறவர் பக்கத்தில். அ, இ, உ சுட்டெழுத்துகள் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தவன்தான் நான். அந்த உகரம் உயிரோடு இருக்கிற ஊரிலேயே மூன்றாவதைக் கோட்டைவிட்டிருக்கிறேன்.

அப்படியானால் அவர் சொன்னது நாங்கள் நின்ற ஒழுங்கையையா? சொல்லும்போது நாடியை லேசாக அசைத்தார். எந்தப் பக்கம் என்பது இப்போது என் இஷ்டத்துக்குத் திரும்புகிறது.

ஒழுங்கையைத்தான் சொன்னார் என்றால், அது வெளியே தெரிந்தால் தன் கதி என்ன என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அதையும் மீறிச் சொன்ன சொல் அது. ஆனால் நான் ஒழுங்காக மொழிபெயர்த்திருந்தாலும் "உதர் மத் ஜாவோ" என்றுதான் சொல்லியிருப்பேன். இந்தியில் இதர், உதர், அதாவது இங்கே, அங்கே, இரண்டுதான். கமாண்டர் நேராகப் பின்கட்டுக்குப் போயிருப்பார். லம்புவின் கால் தப்பியிருக்கலாம். பாவாடைக்காரப் பெண்? இந்தக் கணக்கை நான் போடும்போதெல்லாம் எனக்கு என்னையே பிடிப்பதில்லை. தவிர, வேண்டுமென்று மறைத்தேனா, புரியாமல் சொன்னேனா? ஆளுக்கு ஏற்ப மாற்றிச் சொல்லி எனக்கே இப்போது குழப்பம்.

1990 மார்ச்சில் அமைதிப்படையின் கடைசி அணியும் திருகோணமலையில் கப்பலேறியது. சென்னையில் வரவேற்க முதலமைச்சர் வரவில்லை. எங்கள் ஊர் டீக்கடையில், "நம்ம ஆளுங்களையே சுட்டுட்டு வந்திருக்கான்" என்று காதுபடவே சொன்னார்கள். பதில் சொல்லவில்லை. அந்த நாட்களைப் பற்றி நான் வாய்திறக்க முடிந்தது செக்‌ஷன்காரர்களிடம் மட்டும்தான். இதைச் சொல்ல முடியாததும் அவர்களிடம் மட்டும்தான்.

லம்புவுக்குப் புனேயில் செயற்கைக் கால் பொருத்தினார்கள். ஹரியானாவில் கோதுமை போடுகிறான். வருடாவருடம் எங்கள் படைப்பிரிவு தொடங்கிய நாளான ரெய்சிங் டேவுக்குத் தவறாமல் வருவான். ரம் இரண்டாவது ரவுண்டு போனதும் காலைக் கழற்றி நாற்காலியில் சாய்த்து வைத்துவிடுவான். போன தடவை பேரனைக் கூட்டிவந்திருந்தான். "இவன்தான் எங்க ஜுபான். இவன் இல்லேன்னா அங்க எங்களுக்கு ஒரு வார்த்தை புரிஞ்சிருக்காது" என்றான். பையன் குனிந்து என் காலைத் தொட்டான்.