லஸ்கர் அண்ணாச்சி

பாசனப் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்கு லஸ்கர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். மடை ஷட்டரைத் திறந்து அடைப்பது, நீர்மட்டம் குறிப்பது, குளத்துக்கரையை நடந்து பார்ப்பது, இதெல்லாம் பார்க்கிற கடைநிலை ஊழியர்தான் லஸ்கர். தாமிரபரணியிலிருந்து பிரியும் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எங்களோடு இருந்த லஸ்கரைச் சின்னவர் பெரியவர் எல்லாருமே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். போன கார்த்திகையில் காலமானார். வேட்டை, மீன்பிடி இரண்டிலும் பித்துப் பிடித்த மனிதர். அந்தக் கண்ணும் கையும் இல்லாமல் அவர் வேலையை அவ்வளவு சுத்தமாகப் பார்த்திருக்க முடியாது என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

இளவட்டத்தில் முயலுக்கும் கவுதாரிக்கும் பின்னால் திரிந்தவர். கன்னி நாய் வளர்த்தார். கன்னியும் சிப்பிப்பாறையும் மூக்கை நம்பி ஓடுகிற ஜாதி இல்லை, கண்ணை நம்பி ஓடுபவை. வெட்டவெளியில்தான் அவற்றின் திறமை தெரியும். உடைமரக் காட்டுக்குள் முயல் புகுந்துவிட்டால் நாய் திகைத்து நிற்கும், பாதத்தில் முள் ஏறியதுதான் மிச்சம். 1972ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஊரில் எல்லாரும் உடனே நிறுத்திவிடவில்லை. அண்ணாச்சி சர்க்கார் வேலையில் சேர்ந்ததோடு நிறுத்தினார். தடம் பார்க்கிற பழக்கம் மட்டும் கடைசி வரை இருந்தது.

கோரைக்கிழங்குக்காகக் காட்டுப்பன்றி கரையைக் கிண்டிப் போடும். தடத்தின் விளிம்பு கூர்மையாக நின்றால் பன்றி இப்போதுதான் போயிருக்கிறது. விளிம்பு உதிர்ந்து, உள்ளே பனித்துளி விழுந்த புள்ளிகள் இருந்தால் முன்னிரவிலேயே வந்து போய்விட்டது. எங்கே ஏறி எங்கே இறங்கியது என்று பார்த்து, ஏறிய இடத்தில் முள்ளை வெட்டிப் போடுவார். கிண்டிய பள்ளத்தை அன்றைக்கே மண் போட்டு இடித்துவிடுவார். விட்டால் அடுத்த மழைத்தண்ணீர் அதில்தான் வழி பிடிக்கும்.

கசிவு கண்டுபிடிப்பதில்தான் அவருக்கு நிகர் கிடையாது. மடை அடைத்துக் கிடக்கும்போது கரைக்கு வெளியே, தண்ணீர் இருக்கக் கூடாத மூலையில் கொக்கு நின்றால் நேரே அங்கே போவார். வயல் ஓடையில் கெண்டைக்குஞ்சு துள்ளினால் இன்னும் மோசம். மீன் வருகிற அளவுக்குக் குளத்திலிருந்து வழி திறந்திருக்கிறது என்று பொருள். ஊறி வரும் தண்ணீரை இரண்டு கையிலும் ஏந்தி வெயிலில் பார்ப்பார். "சார், தெளிஞ்சு வந்தா நடந்து வாங்க. கலங்கி வந்தா ஓடி வாங்க" என்பார். எல்லா மண்கரையும் கொஞ்சம் ஊறும், அது கெடுதல் இல்லை. கலங்கி வந்தால் கரையின் மண் உள்ளேயிருந்து கரைந்து வருகிறது. குகை பெரிதாகிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் மேல்மண் உள்வாங்கும். அதற்கு மேல் கரையைப் பிடித்து நிறுத்த முடியாது.

இந்த இடத்தில்தான் புதியவர்கள் தவறு செய்வார்கள். தண்ணீர் வெளியே வரும் வாயை அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, பக்கத்தில் வேறொரு வாய் திறக்கும். அடைக்க வேண்டியது குளத்துப் பக்கத்தை. தவிட்டைத் தண்ணீர் மேல் தூவினால் அது சுழன்று இறங்கும் இடத்தில் ஓட்டை இருக்கும். அங்கே களிமண் மூட்டை இறக்க வேண்டும். வெளிப்பக்கம் மணல் மூட்டையை வளையமாக அடுக்கி, உள்ளே தண்ணீரைத் தேங்க விட வேண்டும். தேங்கிய உயரம் ஏற ஏற உள்ளிருந்து தள்ளும் வேகம் குறையும். தண்ணீர் வழியட்டும், மண் மட்டும் வெளியே போகக் கூடாது.

கோடையில் குளம் வற்றியதும் நண்டு வளைகளைத் தேடுவார். வாயில் மட்டும் மண் திணிப்பது வீண், உள்ளே குடைவு அப்படியே இருக்கும். வளையின் கடைசி வரை தோண்டிப் பிளந்து, ஈரக் களிமண்ணை அரை அடி அரை அடியாகப் போட்டுத் திமிசுக்கட்டையால் இடிக்கச் சொல்வார்.

மீன் விஷயத்துக்கு வருவோம். தக்கைக்கு உதிர்ந்த மயில் இறகின் தண்டுதான். ஈயத்தைப் பல்லால் கடித்துக் கடித்துச் சேர்த்து, தண்டு நிமிர்ந்து ஒரு விரல் கனம் மட்டும் வெளியே தெரிகிற அளவுக்குக் கொண்டுவருவார். ஈயம் குறைந்தால் தக்கை படுத்துவிடும். கூடினால், கவ்வும் மீனுக்குப் பாரம் தெரிந்து இரையைத் துப்பிவிடும். கெண்டை அடியில் கிடக்கும் மாவைத் தூக்கும்போது தக்கை மேலெழும்பிச் சாயும், சுண்ட வேண்டிய நேரம் அதுதான். கெளுத்தி சாய்க்காது, நேரே உள்ளே இழுக்கும். அதைத் தூண்டிலிலிருந்து கழற்றும்போது முதுகு முள்ளும் இரு பக்க முள்ளும் கையில் ஏறாமல், பக்க முள்ளுக்குப் பின்னால் விரலைக் கொடுத்துப் பிடிக்க வேண்டும். குத்திவிட்டால் பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கையை முக்கி வைத்தால் கடுப்பு தணியும்.

விராலுக்கு உயிர்த் தவளை. கரையில் கம்பை ஊன்றி, தவளை நீர்மேல் உதைத்துக்கொண்டு கிடக்கும்படி தூண்டில் நரம்பை அளந்து கட்டுவார். ஒரு சாண் கூடிவிட்டால் தவளை பாசிக்குள் புகுந்து பதுங்கிவிடும், விடிய விடியக் காத்திருந்தாலும் பயன் இல்லை. பார்ப்போடு திரிகிற விராலை மட்டும் அவர் தொடவே மாட்டார். செந்நிறக் குஞ்சுக் கூட்டம் நீர்மட்டத்தில் கொப்பளித்துக்கொண்டு நகரும், அடியில் தாயும் தகப்பனும் காவலுக்கு வரும். அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் சீறிக் கவ்வும், பிடிப்பது சுலபம். பெரியதை எடுத்துவிட்டால் குஞ்சு முழுவதும் மற்ற மீனுக்கு இரை. பாபநாசம் கோயில் படித்துறையில் பொரி தின்று வளரும் மீன் பக்கம் தூண்டிலோடு போனதே இல்லை. களக்காடு முண்டந்துறை 1988ல் புலிகள் காப்பகமான பிறகு மலையில் மீன் பிடிக்கிற பேச்சையும் விட்டுவிட்டார். கரண்ட் வைத்துப் பிடிப்பவர்களைக் கண்டால் மட்டும் அவருக்குக் கோபம் அடங்காது. குஞ்சு, முட்டை, தவளை எல்லாம் சேர்ந்து சாகும் என்பார். எங்களுக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை.

தூண்டில் பிடித்த கை ஷட்டர் சாவியிலும் அப்படித்தான் வேலை செய்தது. அடைக்கும்போது திருகு பாதியில் இறுகினால் கல்லோ கட்டையோ அடியில் மாட்டியிருக்கிறது. பலம் கொடுத்துத் திருகினால் ஷட்டரை ஏற்றி இறக்கும் ஸ்பிண்டில் கம்பி வளையும், பிறகு அந்தப் பருவம் முழுவதும் மடையை அடைக்கவே முடியாது. இரண்டு சுற்று மேலே தூக்கினால் தண்ணீரே கட்டையை அடித்துக்கொண்டு போய்விடும், அப்புறம் மெல்ல இறக்கலாம்.

ஐப்பசியில் குளம் பெருகி, மிச்சத் தண்ணீர் வழிகிற மறுகால் பாய்ந்தால் மீன் எதிரேறும், ஊர்ப் பையன்கள் வலையோடு கூடுவார்கள். தண்ணீர் விழுகிற அடியில்தான் மீன் குவியும், ஆள் போவதும் அங்கேதான். விழுந்த தண்ணீர் அடியில் சுருண்டு மறுகால் சுவரை நோக்கியே திரும்பி இழுக்கும். நீச்சல் தெரிந்தவனும் அதில் மேலே வர முடியாது. அண்ணாச்சி அங்கிருந்து எல்லாரையும் கீழே விரட்டுவார். அவரே வலை வீசினாலும், தண்ணீர் பரந்து முழங்காலுக்குக் கீழே ஓடுகிற இடத்தில், அதுவும் தெளிந்து தரை தெரிந்தால்தான் இறங்குவார்.